செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஆள் தேடுறீங்களா? லாரியை கூப்பிடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

காஞ்சீபுரம்:

வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தால் பலரும் முதலில் தேடுவது "கம்மி ரேட்டுக்கு யாரு வருவாங்க?" என்பதைத்தான். வருபவர் எப்படி சுத்தம் செய்யப் போகிறார் என்று கேட்பவர்கள் குறைவு. இந்த அலட்சியம் உயிரையே பறித்து விடுகிறது.

காஞ்சீபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் 2019 மார்ச் மாதம் செப்டிக் டேங்கில் விஷவாயு தாக்கி 6 பேர் பரிதாபமாக இறந்தனர். இவர்களில் தந்தையும் 2 மகன்களும் அடக்கம். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவர்களும் அடுத்தடுத்து பலியானார்கள்.

மூக்கை நம்பாதீங்க

டேங்கில் தேங்கும் கழிவில் இருந்து ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் வாயுக்கள் உருவாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. "வாடை இல்லை, இறங்கலாம்" என்று நினைப்பவர் சில நொடிகளில் சுருண்டு விழுவார். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் ஆபத்து. மீத்தேன் தீப்பிடிக்கும். கழிவை உறிஞ்சி எடுத்த பிறகும் டேங்குக்குள் வாயு இருக்கும்.

வீட்டுக்காரரும் சிக்குவார்

பாதுகாப்பு இல்லாமல் ஆளை டேங்கில் இறக்குவதை 2013-ம் ஆண்டு மத்திய சட்டம் தடை செய்கிறது. முதல் முறை பிடிபட்டால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, ரூ.5 லட்சம் வரை போகும். "கான்டிராக்டர்தான் இறக்கினார்" என்று வீட்டுக்காரர் தப்பிக்க முடியாது. நேரடியாகவோ மறைமுகமாகவோ யார் வேலைக்கு வைத்தாலும் குற்றம்தான்.

இப்படி நேரும் சாவுகளுக்கு சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் ரூ.10 லட்சம் இழப்பீடு நிர்ணயித்தது. 2023 அக்டோபரில் அதை ரூ.30 லட்சமாக உயர்த்தியது.

என்ன கேட்கணும்?

* கழிவுநீர் லாரிக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா? 2022-ல் கொண்டு வந்த சட்டத் திருத்தப்படி இது கட்டாயம்.

* மிஷினில் உறிஞ்சுவார்களா? ஆள் இறங்குவதாகச் சொன்னால் உடனே திருப்பி அனுப்புங்கள்.

* கழிவை எங்கே கொட்டுவார்கள்? சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஏரியிலோ வேகவதி ஆற்றிலோ கொட்டினால் அது நம்ம ஊர் தண்ணிக்குத்தான் கேடு.

* குறுகலான தெரு என்றால் குழாய் எட்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எட்டவில்லை என்றதும் "வாளியில் அள்ளிடலாம்" என்று தொடங்கும்போதுதான் ஆபத்து வருகிறது.

* ரேட்டை முதலிலேயே பேசி, லாரி நம்பரையும் குறித்து வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் 14420 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். டேங்க் வழியும் வரை காத்திருக்காமல் 2, 3 ஆண்டுக்கு ஒரு முறை கழிவை எடுத்து விட்டால் அடியில் கழிவு இறுகாது. "உள்ளே இறங்கி வெட்டி எடுக்கணும்" என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நினைத்தால், கடைசியில் ஒரு குடும்பமே தெருவில் நிற்க வேண்டியதாகி விடும்.