லேசரோடு முடிந்துவிடுவதில்லை

"லேசர் அடித்துக் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள்." நீரிழிவு நோயாளர் பலரிடம் நான் கேட்ட புலம்பல் இது. நானும் அவ்வாறு புலம்பியவனே. சிகிச்சை முடிந்த சில வாரங்களில், நான் பிழைதிருத்திக்கொண்டிருந்த பக்கத்தின் வரிகள் நெளியத் தொடங்கின.

உண்மை வேறு. விழித்திரையில் புதிதாக முளைக்கும் இரத்தக் குழாய்கள் கசிந்து பார்வையைப் பறிக்காமல் காப்பது லேசர். ஆனால், அதுவே விழித்திரையின் மையத்தில் வீக்கத்தை உண்டாக்கவோ கூட்டவோ கூடும். இது வைத்தியர்கள் அறியாத இரகசியமன்று. லேசரோடு சேர்த்துக் கண்ணுக்குள் ரனிபிசுமாப் ஊசி ஏற்றினால் முதல் வாரங்களில் இவ்வீக்கம் குறைகிறது என்பதை 2011 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

விலை அதிகம் என்பார்கள். மலிவான பெவசிசுமாப் இருக்கிறதே! உலக சுகாதார நிறுவனம் 2013 இலேயே அதனைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்துவிட்டது. பார்வைக் குறைவு சிறிதாயின், விலைகூடிய மருந்துகளுக்கு அது சளைத்ததல்ல என்பது 2015 இல் வெளியான ஆய்வின் முடிவு.

பின் ஏன் எனக்கு எவரும் சொல்லவில்லை? நேரமில்லை என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். "வீக்கம் வரலாம், வரிகள் நெளிந்தால் உடனே வாருங்கள், ஊசி இருக்கிறது." இதைச் சொல்லப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடி மறுக்கப்படும்போது, நோயாளி லேசரையே வெறுத்து அடுத்த தவணைக்குப் போகாதிருக்கிறார். பார்வையைப் பறிப்பது லேசரல்ல, வாய்மூடிய வைத்தியமே.