நிலத்தடிக் கணக்கு யாருடையது?

அணுக்கழிவைப் புதைக்குமுன் பாறையின் வெடிப்பையும் ஊற்றின் ஓட்டத்தையும் துளையிட்டு அளத்தல் வேண்டும்; புளூட்டோனியத்தின் கதிர்வீச்சு பாதியாகத் தணியவே 24,000 ஆண்டுகளுக்கு மேலாகும். 2012-இல் கூடங்குளக் கழிவுக்குக் கோலார்ப் பொற்சுரங்கத்தை உச்ச நயன்மன்றத்தில் சுட்டினர். கன்னடர் கொதித்தெழுந்ததும் பின்வாங்கினர். கழிவோ தமிழ்மண்ணிலேயே தங்கிற்று.

நிலத்தடியைப் புறக்கணித்தால் என்னாகும் என்பதை வடசென்னை அறியும். அளவின்றி நீரிறைத்ததால் மீஞ்சூர் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது. 2013-இல் குழாய்க் கசிவால் தண்டையார்ப்பேட்டைக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. உப்பை நா அறியும். எண்ணெயை மூக்கு அறியும். கதிர்வீச்சை எப்புலனும் அறியாது. அது எவ்வழி பரவும் என்பதை நிலத்தடி ஆய்வேடே முன்கூட்டிக் காட்டும். அவ்வேட்டை ஆங்கிலத்தில் பூட்டிவைத்தல் அறமன்று. அணுக்கழிவாயினும் ஆலைக்கழிவாயினும், ஆய்வு முழுமையும் தமிழில் ஊர்மன்றில் வைக்கப்பட்ட பின்னரே மண்ணைத் தோண்டுக! மண் நமது; மண்ணின் கணக்கும் நமதே!