வர்க்க விதி தரும் வழி

வட்டக்கானலுக்கு அருகேயுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், குறுகிய பிளவு ஒன்று சூரிய ஒளியை அளவாக நறுக்கி நிறமாலைமானிக்குள் விடுகிறது. ஒளியால் பிளவுக்குத் தீங்கில்லை. துகள்களை மோதவிடும் நேர்கோட்டு முடுக்கியின் எலெக்ட்ரான் கற்றையோ அப்படியன்று. ஓரத்தில் திரியும் துகள்களைத் தடுக்காவிட்டால் உணர்கருவி திணறும். தடுப்பு உலோகத்தை நெருக்கினால், அதில் எழும் மின்புலம் கற்றையைக் குலைக்கும்; கற்றை பட்டால் உலோகமே உருகலாம்.

இங்கே ஆறுமுனைக் காந்தம் உதவுகிறது. மையத்திலிருந்து தொலைவு இருமடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். நடுக்கற்றை அதிகம் அசையாது. ஓரத் துகள்கள் விலகி, தள்ளி நிற்கும் தடுப்பில் விழும். கற்றையில் நேர்ந்த சிறு கலக்கத்தை இரண்டாவது காந்தம் நீக்கும். ஜப்பானின் சூப்பர் கே.இ.கே.பி. வளைய முடுக்கியில் 2024-இல் இம்முறை செயல்பட்டது. அங்குள்ள பெல்-2 சோதனையில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்கிறது.

மாணவர்களே, வர்க்க விதியைத் தொல்லை என ஒதுக்காதீர்கள். அதைப் பயன்படுத்துவதே சிறந்த வடிவமைப்பு என்பது எம் கருத்து.