அஞ்சல்தலையின் விலை யார் கையில்?

பிரிட்டனில் 2012ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் முதல் வகுப்பு அஞ்சல்தலையின் விலை 60 பென்சு. இரண்டாம் வகுப்பு அஞ்சல்தலையின் விலை 50 பென்சு. முதல் வகுப்புக் கடிதம் மறுநாளே சேர வேண்டியது. இரண்டாம் வகுப்புக் கடிதம் மூன்று நாளுக்குள் சேர வேண்டியது. அந்த விரைவுக்காக மக்கள் அன்று கூடுதலாகக் கொடுத்தது 10 பென்சு. 2025 ஏப்ரலில் முதல் வகுப்பு 1 பவுண்டு 70 பென்சு ஆயிற்று. இரண்டாம் வகுப்போ 87 பென்சில் நின்றது. இடைவெளி 83 பென்சாக விரிந்தது. இரண்டு கடிதங்களையும் ஒரே அஞ்சல்காரரே அதே தெருவில் சுமந்து செல்கிறார். அப்படியிருக்க, ஒன்றின் விலை ஏறக்குறைய மும்மடங்காகவும் மற்றொன்றின் விலை இருமடங்கைக்கூட எட்டாமலும் இருப்பதற்குக் காரணம் யாது? ஒன்றின்மீது அரசின் கட்டுப்பாடு இருந்தது, மற்றொன்றின்மீது இல்லை.

அஞ்சல் கட்டணத்தில் அரசு தலையிடுவது புதிதன்று. 1840க்கு முன்பு பிரிட்டனில் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைந்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதனைச் செலுத்தினார். ரோலண்டு ஹில் என்பவர் (அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர்) 1837இல் வெளியிட்ட சிறுநூலில் கணக்கிட்டுக் காட்டினார். கடிதத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும் செலவு மிகச் சிறிது. கட்டணத்தைக் கணக்கிடவும் வீடுதோறும் வசூலிக்கவும் ஆகும் செலவே பெரிது. ஆகவே, தூரம் எதுவாயினும் ஒரே கட்டணம், அதுவும் முன்கூட்டியே செலுத்தப்படல் வேண்டும் என்றார். 1840 சனவரி 10 முதல் அரை அவுன்சு எடையுள்ள கடிதத்திற்கு ஒரு பென்னி என்னும் சீரான கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே 6 முதல் உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலை பயன்பாட்டுக்கு வந்தது.

இச்சீரான விலை சந்தை தந்த விலையன்று. இலண்டனின் அடுத்த தெருவுக்கும் வடகோடியிலுள்ள ஷெட்லாந்து தீவுகளுக்கும் ஒரே அஞ்சல்தலை போதும் என்றால், நகரத்துக் கடிதம் தீவுக் கடிதத்தின் செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறது என்று பொருள். அச்சுமையைப் பங்கிடும் பொறுப்பைத் தனியொரு நிறுவனத்தின் விருப்பத்திற்கு விட்டுவிட இயலாது.

2011ஆம் ஆண்டின் அஞ்சல் சேவைகள் சட்டம் இப்பொறுப்பை ஆஃப்காம் என்னும் ஒழுங்குமுறை அமைப்பிடம் அளித்தது. தொலைபேசியையும் ஒலி, ஒளிபரப்பையும் முன்பே கண்காணித்துவந்த அமைப்பு அது. நாடெங்கும் கடிதம் வழங்கும் ராயல் மெயில் நிறுவனம் 2013இல் தனியார்மயமானது. கடிதங்களோ குறைந்துகொண்டே வந்தன. 2004-05இல் ஏறத்தாழ 2,000 கோடியாக இருந்த கடிதங்கள் 2023-24இல் 660 கோடியாயின. கடிதம் குறைந்தாலும் அஞ்சல்காரர் நடக்க வேண்டிய தெரு குறைவதில்லை. ஆகவே ஒவ்வொரு கடிதத்தின் மீதும் விழும் செலவு ஏறுகிறது. விலையை ஏற்றினால் கடிதம் மேலும் குறைகிறது.

இச்சுழலிலிருந்து நிறுவனம் மீள்வதற்காக ஆஃப்காம் 2012இல் பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கியது. இரண்டாம் வகுப்பு அஞ்சல்தலைக்கு மட்டும் பணவீக்கத்தோடு சேர்ந்து உயரும் ஓர் உச்சவரம்பை நிலைநிறுத்தியது. இணையம் இல்லாத முதியோரும் வருவாய் குறைந்தோரும் கடிதம் எழுதும் வாய்ப்பை இழந்துவிடலாகாது என்பதே அதன் நோக்கம். இம்முடிவைக் குறைகூற இயலாது. எல்லா விலைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தால் சேவையே நின்றிருக்கக்கூடும்.

ஆனால், விலை என்பது தனித்து நிற்கும் எண் அன்று. குறித்த நாளுக்குள் சேர்ப்பேன் என்னும் வாக்குறுதிக்குத் தரப்படுவதே அஞ்சல்தலையின் விலை. 2024-25இல் முதல் வகுப்புக் கடிதங்களில் 93 விழுக்காடு மறுநாள் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தவை 77 விழுக்காடே. இரண்டாம் வகுப்பில் 98.5 விழுக்காடு என்பது இலக்கு, எட்டியது 92.5. மருத்துவமனைக்கு வரவேண்டிய நாளைத் தெரிவிக்கும் கடிதம், அந்நாள் கடந்தபின் வந்து சேர்ந்ததாக முறையீடுகள் எழுந்தன. ஆஃப்காம் 2 கோடியே 10 இலட்சம் பவுண்டு தண்டம் விதித்தது. முந்தைய ஈராண்டுகளின் தவறுகளுக்கும் தண்டம் விதித்திருந்தது. அத்தொகை அரசின் கருவூலத்தைச் சேர்கிறது. அஞ்சல்தலை வாங்கியவருக்கு ஒரு பென்னியும் திரும்புவதில்லை.

இதனினும் கவனிக்க வேண்டியது 2025 சூலையில் நிகழ்ந்தது. இரண்டாம் வகுப்புக் கடிதங்களைச் சனிக்கிழமை வழங்க வேண்டியதில்லை. பிற வேலைநாள்களிலும் ஒன்றுவிட்டு ஒருநாள் வழங்கினால் போதும் என்று ஆஃப்காம் இசைந்தது. இலக்குகளும் முறையே 90, 95 விழுக்காடாகக் குறைக்கப்பட்டன. விலைக்கு உச்சவரம்பு அப்படியே இருக்கிறது. அவ்விலைக்குக் கிடைக்கும் பொருள் சுருங்குகிறது. படியின் விலையை ஏற்றாமல் படியைச் சிறிதாக்கும் வணிகரை ஊரார் அறிவர். கடிதத்தில் அதைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம். அதற்காகத்தான் ஒழுங்குமுறை அமைப்பு வேண்டியிருக்கிறது.

விலையையும் வேகத்தையும் இரு வேறு கணக்கேடுகளில் எழுதும் முறை மாற வேண்டும். இலக்கைத் தவறவிட்டால், அடுத்த ஆண்டின் விலையுயர்வு அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். கட்டுப்பாடற்ற முதல் வகுப்பும் இதற்கு விலக்காகலாகாது. நலிந்த நிறுவனம் மேலும் நலியும் என்பர். அந்த நலிவைப் போக்கவே 2012இல் விலைச் சுதந்திரம் தரப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் அதனைத் துய்த்த பின்னும் கடிதம் தாமதமாகிறதென்றால், மேலும் விலையேற்றுவதைத் தீர்வாகக் கருத முடியாது.

ஹில்லின் சீரான கட்டணமுறை 1854இல் இந்தியாவுக்கும் வந்தது. தூரம் பாராமல் அரையணாவுக்குக் கடிதம் சென்றது. இன்று இந்திய அஞ்சல்துறை அரசின் துறையாகவே நீடிக்கிறது. அஞ்சலட்டை 50 காசுக்குக் கிடைக்கிறது. அதன் இழப்பை அரசு ஏற்கிறது. 2023ஆம் ஆண்டின் அஞ்சல் அலுவலகச் சட்டம், கட்டணம் குறித்த விதிமுறைகளை வகுக்கும் அதிகாரத்தை அத்துறையின் தலைமை இயக்குநருக்கே வழங்கியுள்ளது. துறைக்கு வெளியே நின்று விலையையும் வேகத்தையும் ஒருங்கே கேள்வி கேட்கும் அமைப்பு இங்கு இல்லை. விலை குறைவாக இருப்பதால் அக்கேள்வி இன்னும் உரக்க எழவில்லை.