வலசைக்கு ஓர் ஏரி போதுமா?

மழை பெய்யும் இடத்தில் புல் தளிர்க்கும். புல் தளிர்க்கும் இடத்திற்கு விலங்கு செல்லும். ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிச் சமவெளியில் வாழும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் மான்கள், இவ்விதியைப் பின்பற்றியே ஆண்டுதோறும் மாரா ஆற்றைக் கடந்து கென்யாவிற்குள் நுழைந்து மீள்கின்றன. பருவந்தோறும் நிகழும் இப்பயணமே வலசை எனப்படும்.

வேடந்தாங்கல் காட்டும் வழி

அதே விதி தமிழகத்திலும் இயங்குகிறது. வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிறையும்போது நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் முதலியன வேடந்தாங்கலை நாடி வருகின்றன. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரியின் நீர்க்கடம்ப மரங்களில் அவை கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் முறையிட்டனர். அதன் பயனாக 1798-இல் அவர்களது காக்கும் உரிமை எழுத்துவடிவில் ஏற்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அம்மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 2022-இல் வேடந்தாங்கல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

கூடும் இரையும்

ஆயினும், கூடுகட்டும் ஏரியை மட்டும் காத்தால் போதுமா? நத்தைகுத்தி நாரை தன் குஞ்சுக்கான நத்தையை நெல்வயல்களிலும் சுற்றுப்புற ஏரிகளிலும் தேடுகிறது. இதனாலேயே வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரையுள்ள நிலமும் 1998-இல் சரணாலயமாக்கப்பட்டது. பறவையோ அவ்வெல்லையையும் அறியாது. வடக்கே திருப்பெரும்புதூர், ஒரகடம், செம்பரம்பாக்கம் எனத் தொடரும் ஏரிகளும் அதற்குத் தங்குமிடங்களே. ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரியை நிரப்புமாறு முன்னோர் அமைத்த சங்கிலி அது. அதன் நடுவேதான் இன்று மகிழுந்து, கைப்பேசி உற்பத்திக் கூடங்களின் நெடுவரிசை எழுந்துள்ளது.

ஆலைகளால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வறுமை நீங்கின என்பது மறுக்க முடியாத உண்மை. ஆகவே, பறவையா வேலையா என்று கேட்பது பொருந்தாது. வரத்துக்கால்வாய் தூர்ந்தால் நாரைக்கு இரை குறைவதோடு ஆலைக்குள்ளும் வெள்ளம் புகும். 2015-இல் பெருவெள்ளத்தையும், 2019-இல் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதையும் நான்கே ஆண்டு இடைவெளியில் இந்நிலம் கண்டது. ஏரியைக் காப்பது தொழிலையும் காப்பதாகும்.

நைரோபியின் படிப்பினை

கென்யத் தலைநகர் நைரோபியை ஒட்டி 1946-இல் ஒரு தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. பூங்கா இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால், அதன் தெற்கேயுள்ள அத்தி–கபிட்டிச் சமவெளியில் வேலிகளும் சாலைகளும் ஆலைகளும் பெருகியதால், மழைக்கேற்பப் பூங்காவிற்கு வந்துபோன வில்டபீஸ்ட் கூட்டம் பெரிதும் சுருங்கிவிட்டது. வீடு இருந்தும் வழி இல்லாமற்போன நிலை அது. வேடந்தாங்கலுக்கு அந்நிலை நேரலாகாது.

செய்ய வேண்டுவன

புதிய தொழிற்பேட்டைக்கு வரைபடம் இடுமுன் ஏரிகளும் வரத்துக்கால்வாய்களும் அதில் குறிக்கப்பட வேண்டும். சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் ஒரு துளியும் ஏரியில் கலத்தல் கூடாது. கரையோர விளக்குகள் நீர்ப்பரப்பை நோக்காமல் தரையை நோக்கி அமைதல் நலம். ஏரியைத் தூர்வாரும்போது கரையோரச் சேற்றுத்திட்டுகளையும் மரங்களையும் விட்டுவைத்தல் வேண்டும். ஆழம் மட்டும் மிகுந்த ஏரியில் நடந்து இரைதேடும் நாரைக்கு இடமில்லை.

திருப்பெரும்புதூர், ஒரகடத்து விடுதிகளில் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் தங்கியுள்ளனர். பிழைப்பைத் தேடி வந்து, ஈட்டியதை வீட்டிற்கு அனுப்பும் அவர்களது வாழ்வும் ஒருவகை வலசையே. அவர்களுக்கு இடமளித்த மண், தொன்றுதொட்டு வரும் சிறகுள்ள விருந்தினரையும் ஏற்றுப் போற்றுதல் கடனாகும்.