சுழல்மேடையைத் தள்ளிய கைகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சவன்னா என்றொரு துறைமுக நகரம். 1833-ல் அங்கே தொடங்கிய ஒரு ரயில் நிறுவனம் 1850-களில் கட்டிய பணிமனை, இன்று மாநில ரயில் அருங்காட்சியகமாக இருக்கிறது. வளைந்து நிற்கும் இன்ஜின் ஷெட், அதன் நடுவே வட்டப் பள்ளம், பள்ளத்தின் மேல் அச்சில் சுழலும் இரும்புப் பாலம். நீராவி இன்ஜினை அதில் ஏற்றி, வேண்டிய தண்டவாளத்துக்கு நேராகத் திருப்புவார்கள். ரயில்காரர்கள் இதை டர்ன்டேபிள் என்பார்கள். எடை இருபுறமும் சரியாக நின்றால் பல டன் இன்ஜினையும் சில ஆட்கள் கையாலேயே தள்ளித் திருப்பிவிடலாம். மோட்டார் பிறகு வந்தது.

அந்தக் கைகள் யாருடையவை?

உள்நாட்டுப் போருக்கு முன்பு தென்மாநிலங்களில் ரயில்பாதை போட்டதில் பெரும்பங்கு அடிமைகளின் உழைப்பு. நிறுவனங்கள் அவர்களை விலைக்கும் வாங்கின, பண்ணையாரிடம் வாடகைக்கும் எடுத்தன. சவன்னாவின் புகழ்பெற்ற சாம்பல்நிறச் செங்கல்லும் அடிமைகள் கையால் அறுத்ததுதான்.

விடுதலை வந்த பிறகும் ஷெட்டுக்குள் ஏணிப்படி மாறவில்லை. கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேலையில் கறுப்பர்கள் ஏராளம். கொதிகலன் முன்னால் வெந்து சாகும் வேலை அது. வெள்ளை ஃபயர்மேனுக்கு அது டிரைவர் பதவிக்கான முதல் படி. கறுப்பருக்கோ அதுவே கடைசிப் படி.

1909-ல் அட்லாண்டாவில் நடந்ததைப் பாருங்கள். ஷெட்டில் இன்ஜினை நகர்த்தி நிறுத்தும் வெள்ளைத் தொழிலாளர் பத்துப் பேரை நீக்கிவிட்டு, குறைந்த கூலிக்குக் கறுப்பரை வைத்தார்கள். வெள்ளை ஃபயர்மேன் சங்கம் நிர்வாகத்தின் கூலிக் கஞ்சத்தனத்தை விட்டுவிட்டு, கறுப்பரை வேலையிலிருந்து விலக்கு என்று ஜார்ஜியா ரயில்வேயில் வேலைநிறுத்தம் செய்தது. நடுவர் குழு கறுப்பரை விலக்க மறுத்து, இருவருக்கும் ஒரே கூலி என்றது. சங்கத்துக்கு அதில் வருத்தமில்லை. கூலி ஒன்றானால் முதலாளி கறுப்பரை ஏன் எடுக்கப் போகிறார் என்பது அவர்கள் கணக்கு!

இயந்திரமே கரி போடும் காலம் வந்தது. டீசலும் வந்தது. வேலையில் அழுக்கு குறைந்ததும் அது கறுப்பருக்குரிய வேலையாக இல்லாமல் போயிற்று. தன்னில் உறுப்பினராகவே சேர்க்காத கறுப்பர்களையும் சேர்த்து 'பிரதிநிதித்துவம்' செய்த அதே சங்கம், பதவி உயர்வுக்கு உரியவர்களுக்கே முன்னுரிமை என்று 1941-ல் தென்மாநில ரயில் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. அந்த உயர்வுதான் கறுப்பருக்கு மறுக்கப்பட்டிருந்ததே. அலபாமாவில் இப்படித் தன் இடத்தை இழந்த பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் என்ற ஃபயர்மேன் வழக்குப் போட்டார். சார்ல்ஸ் ஹூஸ்டன் வாதாடினார். எல்லோருக்காகவும் பேசும் உரிமை பெற்ற சங்கம் எல்லோருக்கும் நேர்மையாக நடக்க வேண்டும் என்று 1944-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள் என்று சொல்லவில்லை.

இந்த ஏணிப்படி நமக்குப் புதிதல்ல. 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் இதையேதான் எடுத்து வைத்தார். தீண்டப்படாதவர் ஆண்டாண்டாகத் தண்டவாளத்தில் கேங்மேன். போர்ட்டராகக்கூட எடுப்பதில்லை, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் பார்க்க வேண்டும், தீட்டுப்பட்டுவிடும். பணிமனையில் கூலியாகலாம், மெக்கானிக் ஆவது அரிது. பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளரின் இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது அந்த மேடையில்தான். தொழிற்சங்கத் தோழர்கள் பலர் இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர் ரயில் நிலைய வாசல்களிலும் பழைய நீராவி இன்ஜின்களுக்குப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பலகையில் தயாரித்த ஆண்டும் எடையும் உண்டு. சாம்பல் குழியில் இறங்கியவர், ஜல்லி கொத்தியவர், தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ளியவர் யாரும் அதில் இல்லை. நீராவி வண்டிகள் இங்கே 1990-கள் வரை ஓடின. அந்தக் குழியில் இறங்கியவர்களில் பலர் இன்றும் நம் சேரிகளில் உயிரோடு இருக்கிறார்கள். அடுத்த பலகைக்கு வாசகம் எழுதும் முன் ரயில்வே அதிகாரிகள் அவர்களைத் தேடிப் போய்க் கேட்கட்டும்.