உரிமையா, உதவியா?



நம் அதியமான்கோட்டையிலிருந்து சேலம் சாலையில் தெற்கே சென்றால் தொப்பூர். 2023-ம் ஆண்டு ஜூலை 24-ம் நாள், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமைத் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தது அவ்வூரில்தான். செப்டம்பர் 15-ம் நாள் காஞ்சிபுரத்தில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தகுதியுள்ள குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 1,000 ரூபாய் சேரும் என வகுக்கப்பட்டது. தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட மகளிர் பயனடைந்தனர்.

"ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும்?" என்று கேட்போர் உண்டு. மழை பொய்த்தால் ஆடவர் பெங்களூருக்குக் கட்டட வேலை தேடிச் செல்லும் மாவட்டம் நம்முடையது. அங்கிருந்து பணம் வரத் தாமதமாகும் மாதத்தில், அரிசி நியாயவிலைக் கடையில் கிடைத்துவிடும். பருப்புக்கும் மருந்துக்கும் பிள்ளையின் நோட்டுக்கும் பிறரிடம் கைநீட்ட வேண்டிய நிலையை இத்தொகை தவிர்க்கும்.

இது புதுமையான சிந்தனையன்று. உழைப்பைப் பற்றி 1981-ம் ஆண்டு எழுதிய சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், குடும்பத்தைத் தாங்கும் ஊதியம் வேண்டும்; அல்லது குடும்பப் படியோ, இல்லத்தைப் பேணும் தாய்மார்க்கு உதவித் தொகையோ வேண்டும் எனக் கற்பித்தார். அத்தொகை குடும்பத்தின் மெய்யான தேவைக்கும், அண்டியிருப்போரின் எண்ணிக்கைக்கும் ஏற்றதாக இருக்கவேண்டும் என்றும் வலியுறுத்தினார். ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கும் நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் ஒரே தொகை என்பது இவ்வகையில் சிந்திக்கத்தக்கது. விலைவாசி ஏறும்போது தொகையும் ஏறுதல் நீதி.

பிச்சைக்கும் உரிமைக்கும் வேறுபாடு யாது? மறுக்கப்பட்டவர் "ஏன்?" என்று கேட்க இயலுமாயின் அது உரிமை. இத்திட்டத்தில் அவ்வழி வைக்கப்பட்டது. விண்ணப்பம் ஏற்கப்படாத காரணம் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. 30 நாள்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் எனவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் கைபேசி வெளியூரில் உள்ள கணவனிடம் இருந்தால், அல்லது எழுத்தறியாத கையில் இருந்தால், அந்த 30 நாள்கள் வீணே கழியும். காரணத்தைத் தாளில் எழுதி ஊர்தோறும் ஒட்டுவதும், கூலி வேலை முடிந்த மாலையில் அலுவலர் ஊருக்கே வந்து குறை கேட்பதும் அரசுக்கு அரிய செயல்கள் அல்ல.

நமக்கும் கடமை உண்டு. நம் பங்கில் படித்த இளைஞருக்குக் குறைவில்லை. அடுத்த வீட்டுத் தாய்க்கு வந்த செய்தியை வாசித்துச் சொல்லவும், மனு எழுதிக் கொடுக்கவும், இ-சேவை மையம்வரை உடன் செல்லவும் அவர்கள் முன்வரட்டும். வலையை அரசு விரிக்கட்டும்; அறுந்த கண்ணியைக் கண்டு முடிச்சிடுவது அயலாரின் கை.